வகுப்பறையின் வாயும் கழிவறையின் கதவும்

(உளுந்தூர்ப்பேட்டை வட்டார ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய என் முன்னாள் மாணவியும் இந்நாள் தலைமையாசிரியருமாகிய அம்மையார் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருநங்கைச் சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் காலையிலிருந்து இரண்டு பள்ளிகளை ஆய்வு செய்துவிட்டு, மதிய உணவுக்குக்கூட வீடு திரும்பாமல் நேரே இங்கு வந்திருக்கிறார். ஒன்றியக் குழுத் தலைவர் அவர்கள் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தம் பொறுப்பில் ஏற்பாடு செய்திருக்கிறார். பொன்னாடை வேண்டாம், நூல் போதும் என்று நான் தெரிவித்ததை மதித்து நூல்களே தந்தீர்கள். அவை இன்று மாலையே இப்பள்ளி நூலகத்திற்குப் போய்ச் சேரும். தலைவர் அவர்கள் தம் உரையில், நம் வட்டாரத்துப் பள்ளிகளில் எந்தக் குழந்தையும் கேலிக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தக் கூடாது என்று குறிப்பிட்டார். அந்த ஒரு வாக்கியத்தையே என் பேச்சுக்கு அடித்தளமாக எடுத்துக்கொள்கிறேன்.

பால்புதுமையர், அதாவது திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநரும் ஒத்த பாலினத்தாரை நேசிப்போரும் ஆகிய மாணவர்களையும் அரவணைக்கும் கல்வி, பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலைத் தடுக்கும் பணி, இவ்விரண்டின் விளைவு குறித்துப் பேசப் பணித்திருக்கிறீர்கள். சட்டம், பாடம், ஆசிரியர், பெற்றோர் என நான்கு கோணங்களில் இதனை அணுகலாம் என்று குறிப்பெடுத்து வந்திருக்கிறேன்.

‘உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது’ என்பது நம் பழமொழி. இதைச் சொல்லித்தான் நாம் பல ஆண்டுகளாகக் கைகட்டி நின்றோம். ஒரு பிள்ளையின் நடையைப் பார்த்தும், குரலைக் கேட்டும் வகுப்பே சிரிக்கும்போது, ஊர் வாய் அப்படித்தான் என்று கடந்து போனோம். ஆனால், பள்ளிக்கூடம் ஊர் அன்று. அதற்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, மணி இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அது நம் பொறுப்பில் கொதிக்கும் உலை. அதன் வாயை மூட நம்மால் முடியும்.

முதலில் சட்டம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை திருநருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றி உள்ளடக்கிய கல்வியை வழங்க வேண்டும் என்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒத்த பாலினரான வயது வந்தோரிடையே இசைந்து நிகழும் உறவைக் குற்றமாகக் கருதிய நிலையும் நீங்கியது. இவற்றை நீங்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

நான் விரித்துச் சொல்ல விரும்புவது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் பிறப்பித்த ஆணையைத்தான். வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கு அது. இவ்வுறவைப் பற்றித் தமக்கு முழுத் தெளிவு இல்லை என்பதை நீதியரசர் வெளிப்படையாகவே பதிவு செய்தார். ஓர் உளவியலாளரிடம் மாணவரைப் போல அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகே ஆணையை எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ள முன்வந்தார் என்றால், நம் போன்ற ஆசிரியர்களுக்கு அதில் கூச்சம் எதற்கு? பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெற்றோருக்கு விழிப்புணர்வு, விண்ணப்பங்களில் மூன்றாம் பாலினத்திற்கு இடம், சான்றிதழ்களில் பெயர் மாற்றத்திற்கு வழி, மனநல ஆலோசகர், பாலின வேறுபாடின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய கழிவறை ஆகியவை அவ்வாணையில் இடம்பெற்றிருக்கின்றன. அந்தக் கடைசிச் சொல்லைத் தயவுகூர்ந்து நினைவில் வையுங்கள்.

அடுத்தது பாடம். 2021இன் பிற்பகுதியில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் இணைப்பது குறித்து ஆசிரியர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அது இணையத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. நம் மாநிலத்தில் 2022 ஆகஸ்டில் பால்புதுமையரைக் குறிக்கும் மதிப்புக்குரிய சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது. சொல் இருக்கிறது, அது பாடநூலுக்குள் முழுமையாக வந்து சேர வேண்டும். பிரித்தானியாவில் 1988இல் இயற்றப்பட்ட ஒரு சட்டப்பிரிவு, ஆசிரியர்கள் ஒத்த பாலினர் உறவைப் பற்றி வாய் திறக்கவே அஞ்சும் நிலையை உண்டாக்கியிருந்தது. ஸ்காட்லாந்து 2000இல் அதை நீக்கியதோடு நிற்காமல், 2018இல் பால்புதுமையரை உள்ளடக்கிய கல்வியை அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் இணைக்க முடிவெடுத்தது.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கிளிசென் என்னும் அமைப்பு 1999 முதல் பள்ளிச் சூழல் பற்றிய கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. பாடத்தில் பால்புதுமையரைப் பற்றிய நல்ல செய்திகள் இடம்பெறும் பள்ளிகளில் இழிசொற்கள் குறைவாகக் கேட்கின்றன என்றும், பிள்ளைகள் அச்சத்தால் விடுப்பு எடுப்பது குறைகிறது என்றும் அது தொடர்ந்து காட்டியிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே யுனெஸ்கோ, சென்னையின் சகோதரன் அமைப்போடு இணைந்து பால்புதுமையர் சுமார் 400 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களுள் 60 விழுக்காட்டினர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடலளவில் தாக்கப்பட்டிருந்தனர். துன்புறுத்தலே படிப்பு நின்றதற்கு முக்கியக் காரணம் என்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்.

அந்த மூன்றில் ஒரு பங்கில் ஒருவரை நான் அறிவேன்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. மனப்பாடப் பாடலை இசையோடு ஒப்பிக்கும். அதன் குரலுக்காகவே நான் திருக்குறள் வகுப்பைக் கடைசிப் பாடவேளையில் வைத்துக்கொள்வேன். கணக்கு வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் அனைவரும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த எண் ஏன் வசைச்சொல்லானது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் ‘அமைதி’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒன்பது என்ற எண்ணை வாயால் சொல்வதையே விட்டுவிட்டது. தேதி கேட்டால்கூட, ‘நாளைக்குப் பத்து, டீச்சர்’ என்று சொல்லும்.

ஒருநாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சிறுநீர்த் தொற்று, உடலில் நீரே இல்லை என்றார் மருத்துவர். களையெடுப்பிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்த தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ‘காலையில வீட்ட விட்டுக் கெளம்புனா சாயங்காலம் வர்ற வரைக்கும் புள்ள சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல டீச்சர். குடிச்சா ஒன்னுக்குப் போவணும். போனா பசங்க கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துடறாங்களாம்.’

அந்தக் கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நான் அப்போதைய தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். அவர் கெட்டவர் அல்லர். பெருமூச்சு விட்டு, அதே பழமொழியைச் சொன்னார், ‘உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதம்மா.’ நானும் தலையசைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. நீண்ட விடுப்பு என்று எழுதி, பிறகு பெயரை நீக்கினோம். நீக்கியது என் கைதான்.

பல ஆண்டுகள் கழிந்து, ஒரு சித்திரை மாதம், கூவாகம் திருவிழாவுக்குச் செல்லும் கூட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைப் பேருந்து நிலையமே நிறைந்திருந்தது. ஒரு திருநங்கை வந்து என் காலைத் தொட்டு வணங்கினார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். நலம் விசாரித்தார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பேருந்து கிளம்பும் நேரத்தில், ‘அந்தக் கக்கூசுக்கு இப்பவாவது தாப்பா போட்டாங்களா டீச்சர்?’ என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. போட்டார்களா என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை.

ஆகவேதான் ஓய்வு பெற்ற நாள் முதலாக இந்த ஒரே கோரிக்கையோடு ஊர் ஊராக அலைகிறேன். ஒவ்வொரு பள்ளியிலும், ஆண், பெண் என்ற பலகை இல்லாத, ஒருவர் மட்டும் பயன்படுத்தும், உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கழிவறை வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் அதைப் பயன்படுத்தலாம், முதல் மாதவிடாய் வந்த சிறுமியும் பயன்படுத்தலாம். யார் எதற்காகப் போகிறார் என்ற கேள்வியே எழாத கதவாக அது இருக்கட்டும். பாடநூல் மாறக் காலம் பிடிக்கும், ஆலோசகர் பணியிடம் நிரப்பக் காலம் பிடிக்கும். ஒரு தாழ்ப்பாள் பொருத்தத் தச்சருக்கு அரை நாள் போதும்.

ஆசிரியர், பெற்றோர் பற்றிய பகுதிகளுக்கு நேரமில்லை என்று நெறியாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மன்னியுங்கள். ஊர் வாயை மூட முடியாது என்று இனி எந்தப் பள்ளியிலாவது சொன்னால், சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது ஊர் அன்று என்று நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.

வாயிலருகே மேசையில் விண்ணப்பத் தாள்களை வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுவதற்குரிய வாசகம் அதில் உள்ளது. பள்ளிப் பெயருக்கும் தலைவர் கையொப்பத்திற்கும் இடம் விட்டிருக்கிறேன். கதவு என்று எழுதுமிடத்தில், உள்தாழ்ப்பாளுடன் என்பதை விடாமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.