ஈரக் குவில்ட்டைத் தூக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பாட்டியின் பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையில் படுத்தவர்களுக்குக் குவில்ட் என்றால் என்ன என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு பின்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டுத் தையல், நான்கு பக்கமும் ஓரப்பட்டி. அவ்வளவுதான். அமெரிக்காவில் பழைய குவில்ட்டுகளை வாங்கிச் சீர்செய்து, ஆன்டீக் மாலில் பூத் எடுத்து விற்பது எப்படி என்று இன்று பேசலாம்.

ஒஹையோவில் ஸ்பிரிங்ஃபீல்ட், பென்சில்வேனியாவில் ஆடம்ஸ்டவுன் பக்கம் காரில் போனவர்கள் இந்த மால்களைப் பார்த்திருப்பீர்கள். கிடங்கு மாதிரிக் கட்டடம், உள்ளே வரிசை வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பும் ஒருவர் வாடகைக்கு எடுத்த பூத். பூத்துக்காரர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரே கல்லா, பொருளின் விலைச் சீட்டில் உள்ள பூத் எண்ணைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். வாடகை சதுர அடிக் கணக்கு. அதற்கு மேல் பல இடங்களில் கமிஷனும் கார்டு கட்டணமும் உண்டு.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு, பத்துக்குப் பத்து அடி பூத், சதுர அடிக்கு இரண்டரை டாலர் என்றால் மாதம் 250. கமிஷன் 10 சதவீதம், கார்டுக்கு 3. சரக்கு வாங்கியதும் நூல் துணிச் செலவும் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். நூறு டாலருக்கு விற்றால் கையில் நிற்பது 54. வாடகையை அடைக்க மட்டும் மாதம் 460 டாலருக்கு மேல் விற்க வேண்டும். உங்கள் உழைப்புக்கு இதில் இன்னும் ஒரு காசும் சேரவில்லை. அதனால் முதல் வருடம் சின்ன பூத்தே எடுங்கள்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் மூக்கு. சிகரெட் நாற்றமும் தூசி நாற்றமும் காற்றாட விட்டால் குறையும். பூஞ்சை நாற்றம் சுலபத்தில் போகாது. அந்துருண்டை வாசனைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அடுத்து, குவில்ட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பஞ்சு போன இடம் பளிச்சென்று தெரியும். பிறகு பழுப்பும் கறுப்புமான துண்டுகளைத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் துண்டெல்லாம் கல்லுமாதிரி இருக்க, பழுப்புத் துண்டு மட்டும் பொடியாக உதிரும். 19ஆம் நூற்றாண்டுக் குவில்ட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம்.

காரணம் இரும்பு. கலம்காரி வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வெல்லத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளை ஊறப்போட்டு எடுக்கும் கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகும் அல்லவா? இந்தப் பழுப்பும் அதே உறவுதான். இரும்பு உப்பு காலப்போக்கில் பருத்தி இழையைத் தின்றுவிடுகிறது. பூச்சி அரித்தது, எலி கடித்தது என்று விற்பவர் சொல்வார், நம்பாதீர்கள். அந்த அரிப்பு நிற்காது. இன்று ஐந்து துண்டு போயிருந்தால் அதே துணியில் வெட்டிய மற்ற துண்டுகளும் போகும் என்று கணக்கு வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

துணியைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லலாம். ஓரமாக வரிசையாய் ஊசித்துளை தெரிந்தால் அது மாவு மூட்டையாகவோ தீவன மூட்டையாகவோ இருந்த துணி. 1930களில் அந்த மூட்டைகளை பூப்போட்ட துணியிலேயே தைத்து விற்றார்கள். வீட்டுப் பெண்கள் பிரித்துச் சட்டையும் போர்வையும் தைத்தார்கள். அங்குலத்துக்கு மூன்று நான்கு தடித்த தையல், எல்லாத் துண்டும் ஒரே காலத்துத் துணி என்றால், பெரும்பாலும் வெளிநாட்டில் அடித்துத் தள்ளிய புது நகல். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த பழைய குவில்ட்டுகளைச் சீனாவில் நகலெடுக்க உரிமம் கொடுத்து, 1992 வாக்கில் குவில்ட் தைப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நகல்களும் இப்போது பழசாகிப் பழம்பொருள் கடைகளுக்கே வருகின்றன. கவனம்.

நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சின்ட்ஸ் என்ற பூப்போட்ட பருத்தித் துணியின் பூக்களைக் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்த மிகப் பழைய குவில்ட்டும் எப்போதாவது கண்ணில் படலாம். ஊசியையும் தண்ணீரையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்துக் குவில்ட் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் விவரம் கேளுங்கள்.

இனி துவைப்பது. இதில்தான் அதிகக் குவில்ட் சாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பட்டு, கம்பளி, மை கொண்டு பெயர் எழுதியது, இன்னும் பஞ்சு வைத்துத் தைக்காத வெறும் மேல்முகம், இவற்றைத் தண்ணீரில் போடக் கூடாது. வலைத் துணியை மேலே விரித்து, குறைந்த இழுப்பில் வாக்குவம் செய்தால் போதும்.

பருத்திக் குவில்ட் என்றால் முதலில் சாயச் சோதனை. ஈர வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு துணியிலும் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு துணியிலும் என்றால் ஒவ்வொன்றிலும்தான். ஒரே மாதிரி இரண்டு சிவப்பு இருக்கும், ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. டர்க்கி ரெட் என்ற பழைய சிவப்பு மங்கினாலும் ஓடாது. 1884ல் வந்த காங்கோ ரெட் என்ற செயற்கைச் சிவப்பு தண்ணீரைக் கண்டதும் ஓடும். பஞ்சில் சாயம் ஒட்டினால் அந்தக் குவில்ட்டைத் துவைக்காமல் அழுக்கோடே விற்கலாம். சாயம் ஓடிய குவில்ட்டை விற்பது கஷ்டம்.

வாஷிங் மெஷின் வேண்டாம். குளியல் தொட்டியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போடுங்கள், அதன் மேல் குவில்ட்டை மடித்து வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர். சோப்புக்கு ஆர்வஸ் என்ற பசை, மாடு குதிரை குளிப்பாட்ட விற்பதுதான், துணிக்கும் மென்மையானது. தொட்டிக்குக் கால் கப்புக்கு மேல் போகாதீர்கள், அலசி முடியாது. சில மணி நேரம் ஊறட்டும், உள்ளங்கையால் அமுக்கி விடுங்கள், கசக்க வேண்டாம். தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஐந்து முறையோ எட்டு முறையோ ஆகலாம். மஞ்சள் கறை போக, ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூளைத் திடமான பருத்தித் துணிக்கு மட்டும் போடலாம். குளோரின் வேண்டவே வேண்டாம், இழையே பலவீனமாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். தண்ணீரை வடித்ததும் குவில்ட்டை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள். ஐந்து பவுண்டு குவில்ட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். அத்தனை பாரமும் நூறு வருட நூலில் தொங்கினால் தையல் படபடவென்று விடும், உள்ளே பஞ்சு கட்டியாக ஒரு பக்கம் சரியும். அதற்காகத்தான் அடியில் விரிப்பு. இரண்டு பேர் விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்துத் தொட்டிலைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். கொடியில் போடுவதும் அதே தப்புதான். புல்வெளி நிழலில் ஒரு விரிப்பைப் போட்டு, அதன்மேல் குவில்ட்டைப் பரப்பி, மேலே இன்னொரு விரிப்பு. பறவை எச்சத்துக்கும் வெயிலுக்கும் அது காப்பு. திரும்பவும் சொல்கிறேன், ஈரக் குவில்ட்டைத் தூக்காதீர்கள்.

பழுது பார்ப்பதில் கிழிந்த துண்டைப் பிரித்து எடுக்க வேண்டாம். அதற்கு மேலேயே அதே அளவில் புதுத் துண்டை வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, மெல்லிய ஊசியால் மறைதையல் போடுங்கள். பருத்தி நூலே போதும். பாலியஸ்டர் நூல் பழைய துணியைவிட வலுவானது, இழுபட்டால் நூல் அறாது, துணிதான் கிழியும். துண்டு போட, அதே காலத்துத் துணியைச் சிதைந்த வேறொரு குவில்ட்டிலிருந்து எடுப்பது நல்லது. புதுத் துணி பளபளத்தால் தேயிலைத் தண்ணீர் நிறத்தை அடக்கும், ஆனால் தேயிலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, அதுவும் நாளடைவில் துணிக்கு ஆகாது. மங்கலான துணியைத் தேடி வாங்குவதே மேல். பொடிந்த பழுப்புத் துண்டுகள் நிறைய என்றால் அவற்றின் மேல் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தித் தைக்கலாம், அடியில் உள்ளது தெரியும், உதிராது.

முதலில் நைவது ஓரப்பட்டிதான். 80க்கு 90 அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 340. மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 355 தேவை. 40 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டியாக வெட்டினால் ஒன்பது பட்டியில் மயிரிழையில்தான் தேறும், சாய்வு இணைப்பில் கொஞ்சம் போகுமே, பத்தாக வெட்டுங்கள், முக்கால் கெஜம் துணி போதும். பழைய பட்டியைப் பிரிக்காமல் அதன் மேலேயே தையுங்கள்.

செய்த பழுதையெல்லாம் சீட்டில் எழுதுங்கள். "சுமார் 1930, பருத்தி, கையால் தைத்தது, 80க்கு 90, ஓரப்பட்டி புதிது, ஆறு துண்டு மாற்றியது, துவைத்தது." இப்படி எழுதினால் விலை குறையும் என்று பலர் மறைப்பார்கள். வாங்குபவர் வீட்டுக்குப் போய்ப் புதுத் துண்டைக் கண்டுபிடித்தால், நேராகக் கல்லாவில் வந்து சண்டை போடுவார். மால் நிர்வாகம் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தவிர, அளவும் விவரமும் எழுதிய சீட்டை இன்னொரு பொருளுக்கு மாற்றி ஒட்ட முடியாது. சீட்டைக் குத்த பிளாஸ்டிக் முள் துப்பாக்கி வேண்டாம், ஓட்டை விழும். ஊக்கும் துருப்பிடிக்கும். மடித்த குவில்ட்டைச் சுற்றி நாடா கட்டி அதில் சீட்டைத் தொங்கவிடுங்கள். வெறும் மரப்பலகையில் வைத்தால் பழுப்புக் கறை ஏறும், வெள்ளை மல் துணி விரித்து வையுங்கள். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பு நாளாக ஆக வெட்டுக்கோடாகிவிடும்.

நிலையத்தார் இரண்டு நிமிடம்தான் என்று விரலைக் காட்டுகிறார்கள். குவில்ட்டை வெட்டிச் செய்யும் கைவினைப் பொருளுக்கு அரை மணி நேரம் வைத்திருந்தேன்! சுருக்கமாகச் சொல்கிறேன். சீர்செய்யவே முடியாத குவில்ட்டை இங்கே கட்டர் என்பார்கள். அதில் 40 அங்குலச் சதுரம் நன்றாக இருந்தால் 16 அங்குலத் தலையணைக்கு நான்கு முகம் தேறும். வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் மெஷின் தையல் ஓட்டிவிட்டுப் பிறகு கத்தரி வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுத் தையல் பிரிந்துகொண்டே போகும். இதில் தைத்த கிறிஸ்துமஸ் காலுறைகள் அக்டோபரிலேயே பூத்தில் தொங்க வேண்டும். பஞ்சு அடைத்த பொம்மை செய்பவர்கள், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் அதற்குத் தனிச் சட்டம் உண்டு, பதிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கான பொருள் என்று எழுதினால் 2008ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் சோதனை விதிகளும் சேரும், ஆகவே பட்டன் கண் வைத்த கரடியை... சரி, நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.