மினி ஸ்கர்ட் போட்ட 'பாஷா'

வணக்கம் நண்பர்களே. துருக்கிப் பாட்டு என்றதும் நம் ஆட்களுக்குத் தர்கான்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்றைக்கு அவரை விட்டுவிடுவோம். அவருக்கு ரொம்ப முந்தைய ஆள், ஸெகி முரேன்.

இந்தப் படத்தைப் பாருங்கள். மினுமினுக்கும் உடை, காதில் கம்மல், கண்ணில் மை, உயரமான பூட்ஸ், மினி ஸ்கர்ட். எழுபதுகளின் துருக்கி இது. ஊர் இவரைத் திட்டித் தீர்த்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மக்கள் வைத்த பட்டப்பெயர் 'பாஷா'. அந்தக் காலத் தளபதிகளுக்கான பட்டம் அது!

இது எப்படி நடந்தது? வானொலிதான் காரணம் என்பது என் கணிப்பு.

1931இல் புர்சாவில் பிறந்தவர். அப்பா மர வியாபாரி. இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் படிக்கும்போதே வானொலிப் போட்டியில் ஜெயித்து, 1951 ஜனவரி 1 அன்று தன் முதல் நேரலையில் பாடினார். பாடியது பழைய ஒட்டோமான் மரபில் வந்த செவ்வியல் இசை. ஒரு அசைகூட மழுங்காத உச்சரிப்பு. துருக்கி மொழியை இவரைப் போலப் பேச வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். குடும்பமே உட்கார்ந்து கேட்ட அந்தக் குரலுக்கு முகம் கிடையாது. 1953இல் அவர் நடித்த முதல் சினிமா வந்தபோதும் கோட்டு சூட்டு, படிய வாரிய தலை. 1955இல் 'மனோல்யாம்' பாட்டுக்குத் தங்க இசைத்தட்டு. துருக்கியில் அதுதான் முதல்.

காது சம்மதித்த பிறகுதான் கண்ணுக்கு வேலை வைத்தார். உடைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. எல்லாம் அவரே வரைந்தவை. கல்லூரியில் படித்ததே அலங்காரக் கலைதானே. சாப்பாட்டோடு கச்சேரி நடக்கும் இஸ்தான்புல் அரங்குகளில் 'டி' வடிவ மேடை கொண்டுவந்தார். மேடையின் ஒரு நீட்சி மேசைகளுக்கு நடுவே போகும். அதில் நடந்து வந்து, பார்க்க வந்தவர்களிடம் அத்தனை பணிவாகப் பேசுவார். தன் அந்தரங்கத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். அந்த மௌனமும் அவரைக் காப்பாற்றியது.

சும்மா சொல்லவில்லை. புலெந்த் எர்சோய் என்ற பாடகி 1981இல் லண்டனில் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ராணுவ ஆட்சி அவரை மேடை ஏற விடவில்லை. 1988 வரை தடை. அதே நாட்டில் முரேனுக்கு 1991இல் 'அரசுக் கலைஞர்' பட்டம். சகிப்புத்தன்மை என்று இதைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

கடைசி வருடங்களில் உடம்பு சரியில்லாமல் போத்ரூம் என்ற கடலோர ஊரில் ஒதுங்கியிருந்தார். 1996 செப்டம்பர் 24, இஸ்மிர் தொலைக்காட்சி நிலையத்தில் பாராட்டு விழா. 1951இல் அவர் பாடிய அதே மைக்கைப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் மாரடைப்பு. வயது 64.

சொத்தை யாருக்கு எழுதி வைத்தார் தெரியுமா? ஒன்று, துருக்கிக் கல்வி அறக்கட்டளை. இன்னொன்று, ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் மெஹ்மெத்சிக் அறக்கட்டளை. பாஷாதான்!

சரி, புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ஐம்பதுகளின் பதிவுகளில் ஆரம்பியுங்கள். மேடை வீடியோக்களை அப்புறம் பார்க்கலாம்.