கை வேலையில் இருக்கும்போது காதுக்கு என்ன?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை நகரத்திலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். சிலர் வானொலிப் பெட்டியில் கேட்பீர்கள், சிலர் போனில் கேட்பீர்கள், சிலர் ஓட்டோவுக்குள் இருந்து கேட்பீர்கள்.

இன்றைக்குப் பேச எடுத்தது பொட்காஸ்ட். தமிழில் வலையொலி என்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் தயங்க வேண்டாம். ஒரு வானொலி நிகழ்ச்சியைக் கோப்பாக்கி இணையத்தில் வைத்து, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் எடுத்துக் கேட்கலாம் என்று விட்டால், அதுதான் வலையொலி. ஒலிபரப்பு என்பது இந்த ஊருக்குப் பழகிய விசயம். ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல 1980களில் தன் மறு ஒலிபரப்பு நிலையத்தைத் திருகோணமலையில்தான் அமைத்தது. பிபிசி தமிழோசையை 2017 ஏப்ரல் முடிவில் நிற்கும்வரை இரவுதோறும் கேட்ட வீடுகள் இங்கே எத்தனை! சிற்றலைக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒரு குரலைப் பிடித்த கைகளுக்கு, போனில் ஒரு நிகழ்ச்சியைத் தேடி எடுப்பது பெரிய வேலையே இல்லை.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "நல்ல வலையொலி எது?" அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் கேட்கும் நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும்?

ஏன் அதை முதலில் கேட்க வேண்டும் என்றால், கைக்கு மட்டும் வேலை, சொல்லுக்கு வேலை இல்லை என்ற நேரத்தில்தான் காது முழுதாகத் திறக்கும். கிழிந்த வலையைத் தைக்கிறவர், தேங்காய் துருவுகிறவர், உடுப்புத் தோய்க்கிறவர், தோட்டத்தில் புல் பிடுங்குகிறவர், இவர்களெல்லாம் ஒரு மணித்தியாலப் பேச்சைக் கூட ஒரு சொல் விடாமல் கேட்கலாம். கணக்குக் கொப்பி எழுதுகிறவரும், பாடம் படிக்கிற பிள்ளையும் கேட்க முடியாது. படிக்கிற சொல்லும் கேட்கிற சொல்லும் ஒரே வாசலால்தான் உள்ளே வர வேண்டும். இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் ஓட விடாதீர்கள்.

தையல் மெசினில் இருப்பவருக்கு வேறு சிக்கல். மெசின் சத்தம் மெல்லிய குரலை விழுங்கிவிடும். பின்னணி இசையும் சத்தங்களும் நிறைந்த நிகழ்ச்சிகள் அங்கே எடுபடாது. ஒருவரோ இருவரோ தெளிவாகப் பேசுகிற நிகழ்ச்சிதான் பொருந்தும்.

சரி, இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். முதலில் சொல்பவை ஆங்கில நிகழ்ச்சிகள், தமிழ் கடைசியில் வரும். பத்து நிமிடம்தான் இருக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது என்றால் பிபிசி உலக சேவையின் 'விட்னஸ் ஹிஸ்டரி'. ஒரு வரலாற்று நிகழ்வு, அதை நேரில் கண்ட ஒருவர், ஏறத்தாழப் பத்து நிமிடம். சோறு வடிக்கிற நேரத்துக்கு முடிந்துவிடும். எந்தப் பகுதியில் இருந்தும் தொடங்கலாம்.

முக்கால் மணித்தியாலம் இருக்கிறது என்றால் 'இன் அவர் டைம்'. 1998 இல் பிபிசி ரேடியோ ஃபோரில் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், ஒரு மேசை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் பலர் விடுகிற பிழை, தெரியாத தலைப்பில் தொடங்குவது. ஆங்கிலமும் புதிது, விசயமும் புதிது என்றால் பத்து நிமிடத்தில் களைத்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தலைப்பைத் தேடி எடுங்கள். அசோகர் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கதை தெரிந்திருந்தால் காது மொழியை மட்டும் கவனித்துப் பழகும்.

இப்போது நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்த ஒன்று. 2010 இல் பிபிசியும் பிரித்தானிய அருங்காட்சியகமும் சேர்ந்து 'எ ஹிஸ்டரி ஒஃப் த வேர்ல்ட் இன் எ ஹன்ட்ரட் ஒப்ஜெக்ட்ஸ்' என்று ஒரு தொடர் செய்தார்கள். நூறு பொருட்கள், நூறு பகுதிகள், ஒவ்வொன்றும் கால் மணித்தியாலம் அளவில். அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் நீல் மக்கிரெகர் பேசினார். யோசித்துப் பாருங்கள், கண்ணால் பார்க்க வேண்டிய பொருளை வானொலியில் காட்டத் துணிந்திருக்கிறார்கள்.

அந்த நூறில் 54வது பொருளைக் கட்டாயம் கேளுங்கள். அது எங்கள் கரையில் இருந்து போனது. தாரா தேவியின் சிலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் எங்கோ கிடைத்தது என்பதுதான் பதிவு. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமை. உயரம் 143 சென்ரிமீற்றர், அதாவது நாலடி எட்டு அங்குலம், ஒரு சிறுமி நிற்கிற உயரம். வெண்கலத்தில் மெழுகு அச்சு முறையில் வார்த்து, மேலே பொன் முலாம் பூசியது. உள்ளே பொள்ளல் இல்லை, முழுக்க உலோகம். வலக்கை கீழே தாழ்ந்து வரம் கொடுக்கிற முத்திரையில் இருக்கிறது. உயர்த்திக் கட்டிய கொண்டையில் ஒரு குழி இருக்கிறது. ஏதோ மணியோ சிறு உருவமோ பதித்திருந்த இடம்.

இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்ரிக் இதை 1830 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் சுமார் முப்பது வருடம் இதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. மேலாடை இல்லாத சிலை, பார்ப்பவர்களுக்கு உகந்ததல்ல என்று அக்காலத்தவர் நினைத்தார்கள். வழிபடப்பட்ட ஒரு தெய்வம் இருட்டறையில் முப்பது வருடம்!

தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம், கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரோடு சேர்த்து வணங்கப்படுபவள். எங்கள் மாவட்டத்துத் திரியாயில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. வடமொழி, பல்லவ கிரந்த எழுத்து. அதிலும் அவலோகிதேசுவரர் வருகிறார், அங்கே வந்த வணிகர்களும் வருகிறார்கள். கடலால் வந்த வணிகமும் வழிபாடும் இந்தக் கரையில் எப்படிக் கலந்திருந்தன என்று அந்தக் கல்லையும் இந்தச் சிலையையும் சேர்த்து வைத்து யோசிக்கலாம். ஒரு கால் மணித்தியால நிகழ்ச்சி இவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு முன் படத்தைத் தேடிப் பார்க்காதீர்கள். முதலில் கேளுங்கள், மனதில் ஒரு உருவம் வரட்டும். பிறகு அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் படத்தைப் பாருங்கள். எது சரியாக வந்தது, எது வேறாக வந்தது என்று ஒப்பிட்டால், கேட்கிற காது எவ்வளவு கூர்மையானது என்பது தெரியும். பிள்ளைகளுக்கு இதை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். கேட்டு முடிந்ததும் தாளில் கீறச் சொல்லுங்கள், பிறகு படத்தைக் காட்டுங்கள்.

விஞ்ஞானத்தில் விருப்பம் உள்ள உயர்தர மாணவர்களுக்கு 'தேர்ட்டீன் மினிட்ஸ் டு த மூன்'. தேடும்போது பதின்மூன்றை எண்ணாகத் தட்டுங்கள், எழுத்தாகத் தட்டினால் சில வேளை வராது. 2019 இல் வந்த தொடர், வைத்தியர் கெவின் ஃபோங் நடத்தினார். 1969 ஜூலை 20, நிலவில் இறங்கிய கடைசிப் பதின்மூன்று நிமிடங்களைச் சுற்றித்தான் முதல் தொடர் முழுவதும். இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி 1202 என்று அபாய எண் காட்டுகிறது. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்த பொறியியலாளர் ஜக் கார்மனுக்கு அப்போது வயது 24. அந்த எண்களின் பொருளைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். ரேடார் ஒன்று தேவையில்லாமல் கணினியின் நேரத்தைத் தின்றது. கணினியோ முக்கியம் குறைந்த வேலைகளைக் கைவிட்டு, இறக்குகிற வேலையைப் பிடித்துக்கொண்டது. "தொடருங்கள்" என்றார்கள். இறங்கினார்கள். இதை ஒழுங்காக முதலாவது பகுதியில் இருந்து கேட்க வேண்டும். செயலி புதியதைத்தான் மேலே காட்டும், பழையது அடியில் கிடக்கும். வரிசையைப் 'பழையது முதலில்' என்று மாற்றிவிடுங்கள். நூறு பொருட்கள் தொடருக்கும் அப்படித்தான்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு 'ஸ்டம்ப்ட்'. பிபிசியும், அவுஸ்திரேலிய ஏபிசியும், இந்தியாவின் ஆகாசவாணியும் சேர்ந்து செய்கிறார்கள். மூன்று நாட்டுக் குரல்கள் வாதாடும். பாட்டும் வாத்தியமும் பழகுகிறவர்களுக்கு 'சோங் எக்ஸ்ப்ளோடர்'. ஹிரிஷிகேஷ் ஹிர்வே 2014 இல் தொடங்கினார். ஒரு பாட்டைச் செய்தவரே அதைப் பிரித்து, இது தாளம், இது தந்தி, இது குரல் என்று தனித்தனியாகக் கேட்க வைத்து, முடிவில் முழுப் பாட்டையும் போடுவார்கள். இதற்கு மட்டும் இயர்போன் வேண்டும். போனின் சின்ன ஒலிபெருக்கியில் அடித்தளச் சுருதி கேட்காது.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்'. இதிலும் ஆறை எண்ணாகத் தட்டுங்கள். ஆறு நிமிடம். பேசுவதன் எழுத்து வடிவம் பிபிசியின் ஆங்கிலம் கற்றல் தளத்தில் இருக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு கேளுங்கள், மூன்றாவது முறை மறுபடி பார்க்காமல் கேளுங்கள். பதினெட்டு நிமிடம்தான் போகும். வேகத்தை 0.8 க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் சொற்கள் இழுபட்டு, இல்லாத ஓசை கேட்கும்.

தமிழில் வேண்டும் என்றால் அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ். பொது ஒலிபரப்பு நிறுவனம் என்பதால் செய்தி சரிபார்த்து வருகிறது. அங்கே பிள்ளைகளோ சகோதரங்களோ இருப்பவர்களுக்கு, அந்த நாட்டு நடைமுறைகளை விளக்குகிற பகுதிகள் நல்ல பயன்.

இனி, எப்படி எடுப்பது. இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். அன்ட்ரொயிட் போனில் பிளே ஸ்டோருக்குப் போய் 'அன்டெனாபொட்' என்ற செயலியைப் போடுங்கள். இலவசம், விளம்பரமும் இல்லை. ஐபோனில் அப்பிளின் பொட்காஸ்ட்ஸ் செயலி ஏற்கெனவே இருக்கும். கூகிளின் பொட்காஸ்ட் செயலி 2024 இல் மூடப்பட்டது, அதைத் தேடி நேரம் போக்காதீர்கள். பிபிசி சவுண்ட்ஸ் செயலியும் 2025 ஜூலையில் வெளிநாட்டு நேயர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதனால் பிபிசி நிகழ்ச்சிகளே போய்விட்டன என்று நினைக்க வேண்டாம், அன்டெனாபொட்டில் பெயரைத் தேடினால் வரும்.

அன்டெனாபொட்டில் நிகழ்ச்சியைத் திறந்தால் 'சப்ஸ்கிரைப்' என்று ஒரு பொத்தான். அதை அமத்தினால் ரீலோட் காசு வெட்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வெட்டாது. போன் நிறுவனங்கள் குறுஞ்செய்தியில் விற்கிற சேவை வேறு, இது வேறு. இங்கே செலவாவது டேட்டா மட்டும். பேச்சு நிகழ்ச்சி ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 60 எம்பி வரும். வீடியோ பார்ப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இன்னொரு பிழை. சப்ஸ்கிரைப் செய்ததும் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். வரவில்லை. பட்டியல்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதை அமத்தி இறக்கி வைக்க வேண்டும். கொழும்பு பஸ்ஸில் ஏறி, கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, இறக்கி வைத்தவர் கேட்டுக்கொண்டு போவார், மற்றவர் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு போவார். கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதுதான். கரையிலேயே, வைஃபை இருந்தால் வைஃபையிலேயே, இறக்கி வைத்துவிடுங்கள். திரும்பச் சொல்கிறேன், முதல்நாள் இரவே இறக்கி வைத்துவிடுங்கள். அமைப்புகளில் 'கேட்டு முடிந்ததும் அழி' என்பதைப் போட்டுவிட்டால் போன் நிறையாது. நடுவில் தானாக நின்றுபோனால், பற்றரியைச் சேமிக்கிற அமைப்புத்தான் செயலியை மூடுகிறது. அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஓட்டோவோ மோட்டார்சைக்கிளோ ஓட்டும்போது இரண்டு காதிலும் மாட்ட வேண்டாம்.

கடிகாரம் இன்னும் ஒன்றரை நிமிடம்தான் தருகிறது. வீட்டில் உள்ள மூத்தவர்களின் பேச்சை நாங்களே பதிவு செய்வது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். விசிறியை நிறுத்துங்கள், அது பதிவில் கடல் இரைச்சல் போலக் கேட்கும். வெறும் சுவர் அறை எதிரொலிக்கும், துணி அலுமாரி உள்ள அறையில் இருங்கள். போனை விமானப் பயண நிலையில் போட்டு, மடித்த துவாயின் மேல், பேசுகிறவர் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பத்து விநாடி பதிந்து, போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் கேள்வி பொதுவாக வேண்டாம். "அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாதபோது எப்படிப் போவீர்கள் அப்பம்மா?" என்று ஒரு இடத்தைப் பிடித்துக் கேளுங்கள். இடையில் "ஓம், ஓம்" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். முடிந்ததும் கோப்புக்குப் பேசியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் அன்றைக்கே போட்டு, இன்னொரு போனிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம் நேயர்களே.