அம்மாவின் கை நடுக்கம்

(ஓய்வூதியர் சங்க மாதக் கூட்டம் ஒன்றில் ஒரு மருந்தாளுநர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் பேசுவார் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. 34 வருடம் மருந்துக் கடையில் நின்றவன். சீட்டை வாங்கிப் படிப்பது, அட்டையைக் கத்தரிப்பது, 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று உறையில் எழுதிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நானே செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன்.

என் அம்மாவுக்கு அப்போது 76 வயது. படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். டாக்டர் ஒரு வாரத்துக்குச் சின்னாரிசின் எழுதிக் கொடுத்தார். தலைசுற்றல் குறைந்தது. "அந்த மாத்திரை நல்லா கேக்குதுடா, இன்னொரு அட்டை கொண்டு வா" என்றார். கடைக்காரன் வீட்டில் சீட்டு எதற்கு? கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலையில் காபி டம்ளரை எடுக்கும்போது அது டவராவில் டகடகவென்று தட்டியது. அப்புறம் நடை மாறியது, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் சிரிப்பே வரவில்லை. பார்க்கின்சன் நோய் என்று சொல்லி அதற்கு ஒரு மாத்திரை ஆரம்பித்தார்கள். அது குமட்டியது, குமட்டலுக்கு இன்னொன்று. கடைசியாகப் பார்த்த நரம்பியல் டாக்டர்தான், "வேறென்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "யார் கொடுத்தது?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடம்பின் அசைவைச் சீராக வைக்க மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் இருக்கிறது. சின்னாரிசின் அதன் வேலையைத் தடுக்கக்கூடியது. வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் வரலாம். டாக்டர் சொன்னபடி நிறுத்தினோம். நடுக்கம் அடங்க 5 மாதம் ஆயிற்று. சிலருக்கு முழுதாக அடங்குவதும் இல்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்கள். அதனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதை மாத்திரையின் வேலை என்று எண்ணாமல் தனி வியாதி என்று எண்ணி நீர் மாத்திரை சேர்ப்பார்கள். அது ராத்திரி நாலு தடவை எழுப்பும், உப்புச்சத்தைக் குறைக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். தலைசுற்றலுக்கு? ஆமாம், என் அம்மாவுக்குக் கொடுத்த அதே மாத்திரை! ஒன்றில் ஆரம்பித்தது மூன்றில் வந்து நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் "வயசாயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்னால், கடைசியாகச் சேர்த்த மாத்திரை எது என்று பாருங்கள்.

இளவயதில் ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது ஏன் படுத்துகிறது? டயசிபாம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வயதுக்காரர் உடம்பில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம். 80 வயதில் அதுவே 90 மணி நேரம் வரை போகும். வயதானால் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, மருந்து அங்கே போய்த் தங்கிக்கொள்கிறது, ஈரலும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. நேற்றைய மாத்திரை கரைவதற்குள் இன்றைய மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் தரையைத்தான் திட்டுவார்கள்.

1991-லேயே அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போட்டார். அந்த நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் அதைத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. 2023 பதிப்பில் கிளைபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு இரண்டுமே நீண்ட நேரம் வேலை செய்யும் சுகர் மாத்திரைகள் என்று எச்சரிக்கை இருக்கிறது. கிருத்திகை விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். சர்க்கரை தாழ்ந்து பேச்சு குழறும்போது, மறதி வியாதி வந்துவிட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

சளிக்கு நாமே வாங்கிப் போடும் பழைய அலர்ஜி மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. தூக்கம் வருவது இருக்கட்டும், புராஸ்டேட் பெரிதாக இருப்பவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும்.

வலி மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். "முட்டி வலிக்கு ஒரு செட் குடுப்பா" என்று வருவீர்கள். நானும் டைக்ளோஃபெனாக் வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று மக்கர் பண்ணலாம். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கடம், ஒரே மருந்துக்கு இரண்டு பெயர். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. அந்த அட்டையில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும். தனியார் டாக்டர் எழுதியதில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், மூலப்பெயர் எறும்பு எழுத்தில் இருக்கும். இரண்டும் அம்லோடிபின்தான் என்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்ட ஒரு பாட்டி, மயங்கி விழுந்த பிறகுதான் இரண்டு அட்டைகளோடும் என் கடைக்கு வந்தார்.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே எதையும் தூக்கிப் போடாதீர்கள். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வேறு வம்பு வரும். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு மஞ்சப்பையில் வீட்டிலிருக்கும் அத்தனையும் போட்டுக்கொள்ளுங்கள்: மாத்திரை, சொட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டு மாமி கொடுத்த வலி மாத்திரை உட்பட. மேஜையில் கொட்டி, "இதில் எது இன்னும் வேணும்?" என்று கேளுங்கள்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் இப்போதே பையைப் பிரித்துவிட்டார். பதினொரு அட்டை தெரிகிறது. டீ வரட்டும் ஐயா, முதலில் உங்களுடையதைப் பார்க்கலாம்.