கோடம்பாக்கத்துல ஏஜென்ட் வேணும்னு கேட்டா வேன்ல ஏத்திருவாங்க

ஹலோ மக்களே, சத்தம் கேக்குதான்னு பாருங்க, மொட்டை மாடில உக்காந்து பேசுறேன், சாலிகிராமத்துல இந்த நேரத்துக்கு வீட்டுக்குள்ள ரெக்கார்ட் பண்ணா பக்கத்து வீட்டு மிக்ஸிதான் பதிவாகும். போன வீடியோவுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி, "அண்ணா நடிக்கணும், நல்ல ஏஜென்ட் நம்பர் இருந்தா குடுங்க". நம்பர் தர மாட்டேன், முதல்லயே சொல்லிடுறேன். ஒருத்தர் நம்பர இங்க போட்டேன்னா நாளைக்கு அவரு போனுக்கு ஆயிரம் செல்ஃபி போகும், நாளன்னைக்கு அவரு என்னை பிளாக் பண்ணிருவாரு, அப்புறம் உங்களுக்கும் இல்ல எனக்கும் இல்ல.

அந்த ஏஜென்ட்ங்கற வார்த்தையே ஒரு வம்பு. நான் 2018ல நடிக்கணும்னு வந்த புதுசுல ஒரு சினிமா கம்பெனி ஆபீஸ்ல போய் நின்னு "சார் எனக்கு ஒரு ஏஜென்ட் வேணும்"னு கேட்டேன். அங்க இருந்த புரொடக்‌ஷன் மேனேஜர் ரொம்ப பாசமா ஒரு நம்பர் எழுதிக் குடுத்தாரு. மறுநாள் விடியக்காலைல 5 மணிக்கு வடபழனில வேன், போய் இறங்குனா கல்யாண மண்டபம், ஒரு 200 பேரு, எல்லாருக்கும் வேட்டி சட்டை, சாயங்காலம் வரைக்கும் பந்தில உக்காந்து வெறும் இலையில கைய வச்சு சாப்பிடுற மாதிரி ஆட்டிட்டு வந்தேன். இங்க ஏஜென்ட்னா ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், அதாவது கூட்டத்துல நிக்கிற ஆளுங்கள, கூட்டிட்டு வர்றவரு. அது தனித் தொழில், தனி யூனியன், அதுல கேவலம் ஒன்னும் இல்ல, ஆனா டயலாக் பேசுற கேரக்டருக்கு ஆள் எடுக்குற கதவு அது இல்ல.

உங்க மனசுல இருக்கறது ஹாலிவுட் ஏஜென்ட். கலிஃபோர்னியால ஏஜென்சி நடத்தணும்னா லேபர் கமிஷனர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கணும், யூனியன் நடிகர்கிட்ட கமிஷன் 10%தான், வேலை வாங்கித் தர்றேன்னு முன்பணம் கறக்குறத தடுக்கவே 2010ல இருந்து தனிச் சட்டம் இருக்கு. நம்ம ஊர்ல இதுக்குன்னு தனி லைசென்ஸ் எல்லாம் கிடையாது, 500 ரூபாய்க்கு விசிட்டிங் கார்டு அடிச்சா நீங்களும் ஏஜென்ட், நானும் ஏஜென்ட்.

அதனால வாய்ப்புக்கு இங்க ஒரே ஆளுன்னு கிடையாது, மூணு நாலு விதமான ஆளுங்க இருக்காங்க. இவங்கள எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னா, இவருக்கு சம்பளம் யாரு குடுக்குறாங்கன்னு பாருங்க. காஸ்டிங் டைரக்டருக்கு கம்பெனி குடுக்குது, சோ அவரு டைரக்டருக்குத்தான் ஆள் தேடுறாரு, உங்களுக்கு வேலை தேடல, அவருகிட்ட போய் "என்னை வளத்து விடுங்க சார்"னு அழுதா அவரு என்னதான் பண்ணுவாரு பாவம். கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருக்காரு, விளம்பரத்துல இவங்கதான் ராஜா, உங்களுக்கு வர்ற காசுல இருந்து அவரு பங்கு எடுத்துப்பாரு. எனக்கு முதல் விளம்பரத்துல பேசுன சம்பளம் 15000, கோஆர்டினேட்டர் அண்ணன் 3000 எடுத்தாரு, கம்பெனில டிடிஎஸ்னு வரி புடிச்சாங்க, மிச்சம் கைக்கு வர மூணு மாசம் ஆச்சு, ஆனா வந்துச்சு. மேனேஜர்ங்கறது அடுத்த லெவல், உங்க ஷூட்டிங் டேட் பாக்குறது, சம்பளம் பேசுறது. போனே அடிக்காதவனுக்கு போன் எடுக்க ஒரு ஆளு எதுக்கு, அதனால அத இப்போதைக்கு விட்ருங்க.

கோ டைரக்டர், அசிஸ்டன்ட் டைரக்டர், இவங்களத்தான் நம்மாளுங்க மறந்துடுறாங்க. சின்ன கேரக்டர் நிறைய இவங்க கை வழியாத்தான் போகுது. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுல கணக்கு எழுதுனது உங்களுக்கே தெரியும், அப்புறம் அவரு நடிச்சது கார்த்திக் சுப்பராஜ் எடுத்த குறும்படங்கள்ல, கார்த்திக் பெரிய படம் எடுக்க வந்தப்போ விஜய் சேதுபதியும் கூடவே வந்தாரு. நடுவுல ஏஜென்ட் யாரு இருந்தா சொல்லுங்க?

ஒரு நிமிஷம், தண்ணி கேன் வந்துருச்சு... அண்ணே கீழயே வச்சிருங்க, வர்றேன்... ஆங், எங்க விட்டேன்.

நான் ஏமாந்த கதை. பேரு சொல்லல. ஏசி ரூம், சுவர் முழுக்க ஹீரோக்களோட செல்ஃபி, "உங்க கண்ணு நல்லா பேசுது தம்பி"ன்னாங்க, எங்கம்மாகூட அப்படி சொன்னது இல்ல. போர்ட்ஃபோலியோன்னு ஒரு போட்டோ ஆல்பம், ரெஜிஸ்ட்ரேஷன், யூனியன் கார்டு எல்லாம் சேத்து 35000. அக்கா வளையல வச்சுத்தான் கட்டுனேன். கூலிங் கிளாஸ் போட்டு பைக் மேல சாஞ்சு 40 போட்டோ எடுத்துக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் போனே எடுக்கல. பின்னாடி ஒரு கோஆர்டினேட்டர் அண்ணன் அந்த ஆல்பத்தப் பாத்துட்டு கேட்டாரு, "இதுல உன் மூஞ்சி எங்கடா?" அதனால நீங்க சம்பாதிச்சப்புறம் பங்கு கேக்குறவன்கூட பேசலாம், சம்பாதிக்கறதுக்கு முன்னாடியே பணம் கேக்குறவன் உங்களுக்கு வேலை தேட மாட்டான், அவனுக்கு வேலையே நீங்கதான்.

பொண்ணுங்களுக்கு ஒன்னு, ஆடிஷன் ஹோட்டல் ரூம்லன்னா போகவே போகாதீங்க, பகல்ல, ஆபீஸ்ல, கூட ஒரு ஆளோட போங்க. கம்பெனிக்கு நீங்களே தனியா போன் போட்டு இப்படி ஒரு ஆடிஷன் நடக்குதான்னு கேளுங்க, உண்மையான ஆளு அதுக்குக் கோச்சுக்க மாட்டாரு.

சரி, ஆள எப்படி கண்டுபுடிக்கறது? படம் முடிஞ்சதும் எந்திரிச்சு ஓடாம எண்டு டைட்டில பாருங்க, காஸ்டிங்னு பேரு போடுறாங்க, அந்தப் பேர இன்ஸ்டாகிராம்ல தேடுனா எந்த மாதிரி ஆளு கேக்குறாங்கன்னு போஸ்ட் கிடக்கும். கோஆர்டினேட்டர்னா கூட நடிச்சவங்கள கேளுங்க, "காசு ஒழுங்கா வந்துச்சா"ன்னு அந்த ஒரு கேள்வி போதும்.

அனுப்புறது எப்படின்னா, போட்டோ நாலு: க்ளோசப், இடுப்பு வரைக்கும், முழு உருவம், சைடு. ஜன்னல் வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம, ஃப்ரெண்டு போன்ல எடுத்தாலே போதும். தாடி எடுத்துட்டீங்கன்னா போட்டோவையும் மாத்துங்க, போட்டோல ஒருத்தன் நேர்ல ஒருத்தன் வந்து நின்னா அவங்களுக்கு கடுப்பாகும். ஒரு நிமிஷத்துக்குள்ள இன்ட்ரோ வீடியோ, பேரு வயசு உயரம், என்னென்ன பாஷை, எந்த ஊரு பேச்சு வரும்னு. திருநெல்வேலிக்காரன்னா திருநெல்வேலியாவே பேசு தம்பி, அதுக்குத்தான் கிராக்கி, மெட்ராஸ் பாஷை பேச இங்க ஆள் கிடக்கு. நீச்சல் தெரியாம தெரியும்னு போடாதீங்க, கிணத்துல தள்ளிதான் ஷாட் எடுப்பாங்க. கூகுள் டிரைவ்ல போட்டு அனுப்புனா லிங்க்ல பர்மிஷன் திறந்து வைங்க, உங்க போட்டோவப் பாக்க அவங்க உங்ககிட்ட ரிக்வெஸ்ட் போட்டுட்டு உக்காந்திருப்பாங்களா? முதல் மெசேஜ்லயே எல்லாம் இருக்கணும், வெறும் "ஹாய் சார்" போட்டு ரிப்ளைக்குக் காத்திருக்காதீங்க. தினமும் குட் மார்னிங் வேண்டாம் சாமி, புதுசா ஏதாவது நடிச்சிருந்தா அத அனுப்புங்க.

கையெழுத்து கேட்டா பேப்பர வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க. எத்தனை வருஷம், எத்தனை பர்சன்ட், நீங்களே புடிச்ச வாய்ப்புக்கும் பங்கு உண்டா, இந்த மூணையும் பாருங்க. ஒப்பந்தம் முடிஞ்சப்புறமும் வேற யார்கூடயாவது சேரணும்னா எங்களத்தான் முதல்ல கேக்கணும்னு ஒரு வரி சொருகுவாங்க. கிரிக்கெட்டர் ஜாகீர் கான் கேஸ் இதே மாதிரிதான், ஒப்பந்தக் காலம் முடிஞ்சப்புறம் அப்படிக் கட்டிப் போட முடியாதுன்னு 2006ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனா காலத்துக்குள்ள கட்டுப்படணும், அதனால புதுசுல யாருக்கும் அஞ்சு வருஷம் எழுதிக் குடுத்துடாதீங்க...

இருங்க இருங்க, கோஆர்டினேட்டர் அண்ணன்தான் கூப்பிடுறாரு. சொல்லுங்கண்ணே... நாளைக்கா? வளசரவாக்கம்... போலீஸ் கேரக்டரா? இல்லண்ணே தாடி இருக்கு... ஆமாண்ணே, அனுப்புனது பழைய போட்டோதாண்ணே... சாரிண்ணே, அரை மணி நேரத்துல எடுத்து அனுப்பிடுறேன்.

பாத்தீங்களா, இவ்வளவு நேரம் உங்களுக்கு நான்தான் சொன்னேன். சலூன் மூடுறதுக்குள்ள ஓடணும், வர்றேன்.