குண்டு புக் வாங்கியாச்சு, எப்படிப் படிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாலே இன்றைக்கு என்ன விஷயம் என்று புரிந்திருக்கும். குண்டு புக்! தனித்தனிப் பாகங்களாக வந்த ஒரு காமிக்ஸ் தொடரை மொத்தமாகச் சேர்த்து ஒரே அட்டைக்குள் போட்டால், நம் வாசகர்கள் செல்லமாக அப்படித்தான் சொல்வோம்.

இதைப் பற்றி எனக்கு இரண்டு விதமாகச் செய்தி வருகிறது. "அக்கா, புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கினேன், ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன், கடைசியில் யார் யாரைச் சுட்டார்கள் என்றே நினைவில்லை" என்று ஒரு கூட்டம். "தடிமனைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது, இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பாகம் பாகமாக உருவான கதை அது. பாகம் பாகமாகவே படியுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துக் கதைகள் பெரும்பாலும் முதலில் வாரப் பத்திரிகைகளில் வந்தவை. வாரத்துக்குச் சில பக்கம். அதனால் பக்கம் முடிகிற இடத்தில், வலது கீழ்மூலைக் கட்டத்தில், ஒரு கொக்கி இருக்கும். கதவு திறக்கும், யார் வந்தது என்று தெரியாது. துப்பாக்கி வெடிக்கும், யார் விழுந்தது என்று தெரியாது. வாசகர் அடுத்த வாரமும் கடைக்கு வரவேண்டும் அல்லவா? பிறகு அதெல்லாம் சேர்ந்து 46, 48 பக்கத்தில் ஓர் ஆல்பம், அதாவது ஒரு தனிப் புத்தகம் ஆகும். அடுத்த ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். இப்போது அத்தனை கொக்கியையும் ஒரே புத்தகத்தில் வரிசையாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகும், கண் வசன பலூனை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும். ஓவியர் நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்த பக்கம் அரை நிமிடத்தில் காலி.

சரி, முதல் புத்தகம். 'இரத்தப் படலம்'. பழைய வாசகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எழுதியவர் ழான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ், இருவரும் பெல்ஜியக்காரர்கள். 1984இல் 'ஸ்பிரூ' பத்திரிகையில் தொடங்கிய தொடர். பெயர் வெறும் ரோமன் எண்தான், பதின்மூன்று. நம் சிவகாசி லயன் காமிக்ஸ் பிறந்ததும் அதே 1984தான். பிறகு இந்தத் தொடரைத் தமிழுக்குக் கொண்டு வந்ததும் லயன்தான்.

கதை இப்படித் தொடங்கும். கடற்கரையில் ஒருவன் ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். ஏப், சாலி என்ற முதிய தம்பதி அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார்கள். கண் விழித்தவனுக்குத் தன் பெயர் தெரியவில்லை. கழுத்தெலும்புப் பக்கம் பச்சை குத்தியிருக்கும் அந்த எண் மட்டும்தான் அடையாளம். அப்புறம் பார்த்தால் அமெரிக்க ஜனாதிபதியையே சுட்டுக் கொன்றவன் இவன்தான் என்று ஒரு கூட்டம் துரத்துகிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

தமிழில் இது வருடக்கணக்கில் விட்டு விட்டு வந்த கதை. அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருந்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2010இல் 18 பாகங்களைக் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். 2018இல் வண்ணத்தில், மூன்று புத்தகங்களாக வந்தது. எது வாங்கலாம் என்று கேட்டால், முதல்முறை படிப்பவர்களுக்கு வண்ணம்தான். வண்ணம் தீட்டிய பெத்ரா, வான்ஸின் மனைவி. எந்த இடத்தில் இருட்டு வேண்டும், எந்த இடத்தில் பனி வேண்டும் என்று கணவரின் கோட்டைத் தெரிந்து தீட்டியிருப்பார். ஆனால் கறுப்பு வெள்ளைத் தொகுப்பு யார் வீட்டிலாவது கிடைத்தால் அதையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். துப்பாக்கி, ஹெலிகாப்டர், சட்டை மடிப்பு என்று வான்ஸின் மை வேலை அதில் அப்படியே தெரியும்.

படிக்கும் வழி: முதல் ஐந்து பாகம் ஒரு சுற்று. பிரெஞ்சில் அவை 1984 முதல் 1988 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்தவை. ஜனாதிபதி கொலைச் சதி அந்த ஐந்தில் ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கும். அங்கே நீங்களும் நிறுத்துங்கள். வேறு ஏதாவது படியுங்கள். பிறகு ஆறாவதை எடுங்கள். ஒரே மூச்சில் போகிறவர்கள் "சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள்" என்று குறைப்படுகிற இடங்கள் உண்டு. அதெல்லாம் ஒரு வருடம் கழித்து வரும் வாசகருக்காக எழுதியது. கொஞ்சம் இடைவெளி விட்டுப் படித்தால் அதே வரிகள் உதவியாக இருக்கும். பத்துப் பெயர்களாவது தலைக்குள் ஓடும் கதை இது. கேரிங்டன், அமோஸ், ஜோன்ஸ், மங்கூஸ் என்று ஒரு சீட்டில் எழுதி அட்டைக்குள் செருகி வையுங்கள்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான புத்தகம். 'மின்னும் மரணம்'. கேப்டன் டைகர். மூலத்தில் அவர் பெயர் புளூபெர்ரி. ழான் மிஷெல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைய, 1963இல் 'பிலோத்' பத்திரிகையில் தொடங்கியது. அந்த நீண்ட தொடரின் நடுவில் வரும் ஒரு பெரிய கதையைத்தான் 2015இல் தமிழில் முழு வண்ணத்தில் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 11 பாகங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் பதுக்கிய தங்கம். ஐந்து லட்சம் டாலர். அதைத் தேடி டைகர் ரகசியமாக மெக்சிகோவுக்குப் போகிறார். அங்கிருந்து ஒவ்வொன்றாக இழக்கிறார். பதவி, பெயர், நண்பர்கள், கடைசியில் தன் இனத்தாரோடு வாழும் உரிமையும் போய்விடுகிறது. ஜனாதிபதி கிராண்டைக் கொல்லப் பார்த்தவன் என்ற பழியும் விழுகிறது. அப்பாச்சே என்ற செவ்விந்தியர்களோடு போய்ச் சேர்கிறார். ஒரு கௌபாய் நாயகனை இவ்வளவு தூரம் கீழே தள்ளிப் பார்த்த கதை அந்தக் காலத்தில் அபூர்வம்.

இந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். ஐந்தாம் பாகம் முடிகிறது. இதோ, பக்கத்தைத் திருப்பினால் ஆறாம் பாகம். உங்களுக்கு ஒரு தாள்தான் நகர்ந்தது. ஆனால் ஐந்தாம் பாகம் பிரெஞ்சில் வந்தது 1975இல், ஆறாம் பாகம் வந்தது 1980இல். ஐந்து வருடம்! நடுவில் பதிப்பகத்தோடு உரிமைத்தொகைத் தகராறு. ஜிரோ அந்த நேரத்தில் மோபியஸ் என்ற பெயரில் கனவு போன்ற விஞ்ஞானக் கதைகளை வரைந்துகொண்டிருந்தார், ஹாலிவுட் படத்துக்கு உடை வடிவமைத்தார். திரும்பி வந்தபோது கை மாறியிருந்தது.

ஐந்தாம் பாகத்து முகங்களைப் பாருங்கள். மை அப்பிய நிழல், குறுக்கும் நெடுக்குமாக அடர்ந்த கோடுகள், வியர்வை வாடையே அடிக்கும். இப்போது ஆறாம் பாகம். பாறைக்கு மேல் சிறு சிறு கோடும் புள்ளியும், நடுவில் நிறைய வெற்றிடம், வெயில் பளிச்சென்று விழுகிறது. நாயகனும் வேறு ஆளாகிவிட்டார், தலைமுடி நீண்டு அப்பாச்சே உடையில் நிற்கிறார். கதையில் டைகர் பழைய வாழ்க்கையை விட்டு வெளியேறிய அதே இடத்தில் ஓவியரும் தன் பழைய கையை விட்டு வெளியேறியிருக்கிறார். திட்டம் போட்டு நடந்ததில்லை, ஆனால் தொகுப்பாகப் படிக்கும்போது இப்படி அருகருகே வந்து நிற்கிறது. தனித்தனி இதழாகப் படித்தவர்களுக்கு இது இவ்வளவு துல்லியமாகக் கண்ணில் பட்டிருக்காது. எனக்குக் குண்டு புக் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்த ஒரு தாள் போதும். தயவுசெய்து ஐந்தாம் பாகத்தோடு அந்த ராத்திரி மூடி வைத்துவிடுங்கள். ஆறாம் பாகத்தை மறுநாள் பகல் வெளிச்சத்தில் திறங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைசிப் பாகமான 'அரிசோனா லவ்' வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1989இல், ஷார்லியே காலமானார். மீதியை ஜிரோ தனியாக முடித்தார். 1990இல் ஆல்பம் வந்தது. இது தெரிந்து படித்தால் அந்தப் பாகத்தின் நடை ஏன் மாறுகிறது என்று புரியும். அப்புறம் ஷார்லியே செய்த ஒரு குறும்பையும் சொல்லவேண்டும். 1974இல் வந்த ஆல்பம் ஒன்றில், புளூபெர்ரி நிஜ மனிதர் என்பது போல நீண்ட வாழ்க்கை வரலாறு ஒன்றைப் புகைப்படத்தோடு எழுதிச் சேர்த்தார். நிறைய பேர் நம்பியேவிட்டார்கள்.

இந்த இரண்டு புத்தகத்துக்கும் நடுவே ஓர் உறவும் இருக்கிறது. 'இரத்தப் படலம்' மூலத்தொடரில் 18வது ஆல்பத்தை மட்டும் வான்ஸ் வரையவில்லை. வரைந்தது நம் ஜிரோ. அதுவும் 19வது ஆல்பமும் 2007 நவம்பர் 13ஆம் தேதி ஒரே நாளில் வெளிவந்தன. தேதியைக் கவனித்தீர்களா!

அவ்வளவு பெரிய புத்தகம் முதலிலேயே வேண்டாம் என்றால் டைகரின் 'தங்கக் கல்லறை'யில் தொடங்குங்கள். இரண்டே பாகம். அரிசோனா மலைக்குள் ஒரு தங்கச் சுரங்கம், அங்கே யாரோ ஒருவன் தங்கத் தோட்டாவால் சுடுகிறான். அது பிடித்தால் 'மின்னும் மரணம்' நிச்சயம் பிடிக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வையுங்கள். தையல் போட்ட பைண்டிங் என்றால் தானாகப் படுத்துக்கொள்ளும். பசை மட்டும் என்றால் மூடப் பார்க்கும், அழுத்தினால் நாளாவட்டத்தில் தாள் கழன்று வரும். இரண்டு பக்கத்துக்குப் பரந்த ஓவியம் இருந்தால் நடுப்பகுதி அந்த மடிப்புக்குள் போய்விடும், குதிரைக்குத் தலை இருக்கும், கால் இருக்காது. ஆர்ட் பேப்பர் புத்தகத்தை டியூப்லைட்டுக்கு நேர் கீழே படிக்காதீர்கள், பளபளப்பு கண்ணைக் கூசும். ஜன்னலோரம் நல்லது. குண்டு புக்கைப் படுத்துக்கொண்டு படிக்க வேண்டாம், மேசையில் வைத்துப் படியுங்கள், அல்லது மடியில் தலையணை போட்டு அதன் மேல் வையுங்கள். அலமாரியில் சாய்த்து வைத்தாலும் முதுகு வளையும், நேராக நிறுத்துங்கள்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று 'போன்'. ஜெஃப் ஸ்மித் 1991 முதல் 2004 வரை, பெரும்பகுதி தானே பதிப்பித்து, 55 இதழ்களாகக் கொண்டுவந்தது. மூன்று வெள்ளை உருண்டைப் பிள்ளைகள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு ஒரு பள்ளத்தாக்குக்கு வந்து சேர்கிறார்கள். முதலில் சிரிப்பு, போகப் போகப் பெரிய போர்க்கதை. 1300 பக்கத்துக்கு மேல், கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு என்றால் வண்ணத்தில் ஒன்பது புத்தகமாக வந்த பதிப்பை வாங்குங்கள், தூக்கச் சுலபம். பள்ளத்தாக்கில் முதல் பனி 'தொப்'பென்று மொத்தமாக விழுகிற இடம் வரும், அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

இரண்டாவது, பெரியவர்களுக்கு மட்டும்: 'லோன் உல்ஃப் அண்ட் கப்'. கசுவோ கோய்கே எழுதி கோசெகி கோஜிமா வரைந்த ஜப்பானியத் தொடர், 1970 முதல் 1976 வரை வந்தது, 28 தொகுதிகள். சின்னக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூலிக்குக் கொலை செய்யப் போகும் ஒரு சாமுராய். ஏன் இப்படி ஆனான் என்பது தொடக்கத்திலேயே வராது, பொறுங்கள். பெரும்பாலும் ஒவ்வோர் அத்தியாயமும் தனிக்கதை. வசனமே இல்லாமல் பல பக்கம் ஓடும். புல் அசையும், காற்று, ஒரு வாள் வீச்சு, மறுபடி புல். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தின் பழைய பதிப்பு உள்ளங்கை அளவு, எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் அதற்குப் பிறகு வந்த பெரிய ஆம்னிபஸ் பதிப்பை, அதாவது பல தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்ததை, தேடுங்கள்.

கடைசியாக விலை. பதிப்பு தீர்ந்துபோன குண்டு புக்கைச் சிலர் பல மடங்கு விலை வைத்து விற்கிறார்கள். அந்த விலைக்கு வாங்காதீர்கள். 'இரத்தப் படலம்' மறுபடி வந்ததே வாசகர்கள் விடாமல் கேட்டதால்தான். பதிப்பாளரிடம் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஜனவரியில் சென்னை, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாக்களில் காமிக்ஸ் ஸ்டாலில் நின்று நேரிலேயே கேளுங்கள். அதுவரை நண்பரிடம் இரவல் வாங்கிப் படியுங்கள், சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வீடியோவில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் தொடங்கி இன்றும் மாதாமாதம் வருகிறார், எந்தத் தொகுப்பில் தொடங்கலாம் என்று நிதானமாகப் பார்க்கலாம். வருகிறேன், வணக்கம்.