சாந்தா அம்மா செய்த வேலை

அவைப் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர் மாணவிகளுக்கும் வணக்கம்.

புற்றுநோய் மருத்துவர் டாக்டர் வி. சாந்தாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் விருதுகளைச் சொல்லித் தொடங்குவார்கள். மகசேசே, பத்மவிபூஷண் எல்லாம் அவருக்கு வந்தன. அதை இதோடு விட்டுவிடுகிறேன். 2021 ஜனவரி 19 அன்று, 93 வயதில் அவர் மறைந்தபோது எங்கெங்கோ இருந்த குடும்பங்கள் சொந்த வீட்டுப் பெரியம்மா போய்விட்டதாக அழுதன. அன்பாகப் பேசியதற்காக மட்டும் அந்தப் பாசம் வரவில்லை. எடுத்த வேலையை அவர் பாதியில் விட்டதில்லை. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1927-ல் பிறந்தவர், மயிலாப்பூர்க்காரர். மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அரசுத் தேர்வில் தேறி, பெண்கள் மருத்துவமனையில் பணி நியமனமும் கிடைத்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு 1955-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இடம் அது. 12 படுக்கைகள். முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும்தான் அங்கே மருத்துவர்கள். ‘புற்று வந்தால் சாவுதான்’ என்று படித்தவர்களே சொன்ன காலம். சாந்தா அந்த வளாகத்திலேயே குடியேறினார். கடைசிவரை அதுதான் வீடு.

நம் மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். பழைய எக்ஸ்ரே கருவிகளில் முழு வேகமும் தோலிலேயே இறங்கிவிடும். கருப்பை வாய்ப் புற்று உடம்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதற்குள் தோல் வெந்துவிடும். கோபால்ட் 60 என்ற கதிரியக்க உலோகத்தின் கதிரில் உச்ச அளவு தோலுக்கு அரை செ.மீ. கீழேதான் விழும். தோல் தப்பும், ஆழத்துக்கும் கூடுதலாகப் போய்ச் சேரும். 1950-களின் பின்பகுதியிலேயே அந்தக் கருவியைக் கனடாவிலிருந்து வரவழைத்தது அடையாறு.

கருவி வந்தால் மட்டும் போதாது. கோபால்ட் நாளுக்கு நாள் தேய்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம், ஐந்தேகால் ஆண்டில் பாதி. புதுக் கோபால்ட்டில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும் என்றால், ஐந்தேகால் ஆண்டு கழித்து அதே அளவுக்கு நான்கு நிமிடம் வேண்டும். கணக்கைத் திருத்த மறந்தால் நோயாளி தினமும் வந்து படுத்துவிட்டுப் போவார், கட்டிக்கு மட்டும் அளவு குறைந்துகொண்டே போகும். வெளியில் யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் விடாமல் வர வேண்டிய சிகிச்சை இது. அறுவடை, பொங்கல், பேரக்குழந்தைக்குக் காதுகுத்து என்று நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போனால், மிச்சமிருக்கும் செல்கள் அந்த இடைவெளியில் பெருகிவிடும். நோயாளி தங்க இடமும் சாப்பாடும் மருந்துச் சீட்டுக்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மாணவிகள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கருப்பை வாய்ப் புற்றை அது புற்றாகும் முன்பே பிடிக்கலாம். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. அடர் அசிட்டிக் அமிலம். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். நீர்க்காத அமிலம் திசுவைப் பொசுக்கிவிடும், ஆகவே பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து பாருங்கள். இரு வகைத் திசுக்கள் சந்திக்கும் கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக, அடர்த்தியான வெண்திட்டு தெரிந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு அரை நிமிடத்தில் பார்த்தாலும், டார்ச் மஞ்சளாக மங்கியிருந்தாலும் தப்பவிட்டுவிடுவோம். அழற்சி இருந்தால் இல்லாத திட்டு இருப்பதுபோலத் தெரியும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தக் கோடு உள்ளே ஏறிவிடுவதால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதை முறையாகச் செய்து பார்த்ததில் இந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் முடிவு வெளியானது.

குறைந்தது என்று எப்படிச் சொல்கிறோம்? யாருக்குப் புற்று வந்தது, யார் இறந்தார் என்று எழுதி வைக்கும் பதிவேடு அந்தப் பகுதிக்கென்று இருந்ததால். சென்னையிலும் அப்படி ஒன்று உண்டு. சாந்தா அடையாறு மருத்துவமனையின் இயக்குநராக இருந்தபோது, 1981-ல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். புற்றுநோயைத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அன்று இல்லை. ஆகவே பதிவேட்டு ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, ஆய்வகம் ஆய்வகமாகப் போய் எழுதி வந்தார்கள். சதைப் பரிசோதனை ஓரிடம், அறுவை ஓரிடம், கரண்ட் இன்னோரிடம் என்று ஒரே லட்சுமி மூன்று இடத்தில் மூன்று லட்சுமியாக இருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு சீட்டில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். வயதும் ஐந்தைந்தாகக் குத்துமதிப்பு. இதையெல்லாம் ஒத்துப் பார்த்து ஒன்றாக்க வேண்டும். வைத்தியத்துக்காகச் சென்னையில் உறவினர் வீட்டில் தங்கியவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; குறைந்தது ஓராண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பிறகு இறப்புப் பதிவேட்டோடு ஒப்பீடு, வராதவருக்குக் கடிதம், பதில் இல்லையென்றால் வீட்டுக்கே நேரில் போதல். பிழைத்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இப்படித்தான் கிடைக்கும். வராமல் போனவரையெல்லாம் பிழைத்தவர் என்று எண்ணினால் எந்த ஆஸ்பத்திரியும் பிரமாதமாகத் தெரியும்.

குழந்தைகளின் ரத்தப் புற்றில் இந்தக் கண்டிப்பு உயிரையே காத்தது. 1980-களில் டெல்லி, மும்பை, சென்னை மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே மருந்துத் திட்டத்தைக் கையாண்டன. நான்கு மருந்துகளில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டு நீளும் திட்டம். முதல் மாத முடிவில் குழந்தை விளையாட ஆரம்பித்துவிடும். ‘சரியாயிடுச்சு’ என்று பெற்றோர் கூட்டிப்போய்விட்டால் நோய் திரும்பி வரும், இரண்டாவது முறை அது மருந்துக்கு எளிதில் அடங்காது. அடுத்த ஆபத்து கிருமித் தொற்று. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 காய்ச்சல் கண்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே வண்டி பிடித்து வர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாது. பாட்டியிடமும் சொல்லுங்கள், ராத்திரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் அவர்தான்.